எத்தனை நூல் படித்தாய்?



நம் தமிழ் மன்றத்தின் செயற்குழு இவ்வாண்டு ஒரு பரிசை அறிவித்திருக்கிறது. ஆண்டு முடிவதற்குள் மிகுதியான நூல்களைப் படித்துப் பட்டியல் கொடுக்கும் மாணவர்க்குச் சுழற்கோப்பை உண்டாம். நோக்கம் நல்லதுதான், அதைக் குறை சொல்வார் யார்? ஆனால் அந்தக் கூட்டத்திலே எடுத்துக்காட்டாக என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். 2023-ஆம் ஆண்டில், வாரம் ஒன்று என்று கணக்கு வைத்து 52 நூல்களைப் படித்து முடித்தவன் நான் என்று நண்பர் ஒருவர் பெருமையோடு கூறினார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் புன்னகை செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று எழுதுகிறேன்.

அந்த ஐம்பத்திரண்டின் கதையைக் கேளுங்கள். ஜனவரி முதல் நாள் ஒரு புதிய நோட்டுப் புத்தகம் வாங்கி, ஒன்று முதல் 52 வரை எண் இட்டேன். பொங்கல் வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு செய்முறைத் தேர்வு வந்தது, காய்ச்சல் வந்தது, கணக்கில் ஏழு வாரம் பின்தங்கினேன். அன்று முதல் நூலகத்திலே நூலின் தலைப்பைப் பார்க்குமுன் அதன் தடிப்பைப் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்தது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைக் கையில் எடுத்தேன். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து மெடானிலும் பினாங்கிலும் அலைந்த தமிழர்களின் கதை அது. பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்திலே பிறந்த நான் அதைப் புரட்டிப் பார்த்து, இரண்டு வாரத்தை விழுங்கிவிடுமே என்று அஞ்சி, அடுக்கிலேயே திரும்ப வைத்தேன். டிசம்பரில் சிறுவர்க்கான மெல்லிய நூல்கள் மூன்றும், சமையல் குறிப்பு நூல் ஒன்றும் பட்டியலில் ஏறின. சமையல் நூலை முழுதும் படித்தேன் என்பதற்கு என் அறைத்தோழரே சான்று. சமைத்தேன் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை.

ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில் மதிப்புரை என்று ஒரு சொல் எழுதினேன். 'அருமை', 'நன்று', 'விறுவிறுப்பு', 'சுமார்'. இந்த நான்கு சொற்களே மாறி மாறி 52 இடத்திலும் நின்றன. இன்று அந்த நோட்டைத் திறந்தால் பாதி நூல்களின் தலைப்பைப் பார்த்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்லத்தான் நாணமாக இருக்கிறது. அந்த 52-இல் தமிழ் நூல்கள் நான்கே. தமிழ்மேல் பற்றில்லாமல் அன்று. நான் படித்த பள்ளியிலே தமிழ் கிடையாது. கன்னடமும் ஆங்கிலமும் பள்ளி கொடுத்தது; தமிழ் எழுத்தை வீட்டுத் திண்ணையில் தாத்தா கொடுத்தார். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது பக்கம் ஓடும் கண், தமிழில் பதினைந்து பக்கத்தில் களைத்துவிடும். எண்ணிக்கை ஒன்றே குறி என்றால், மெதுவாக ஓடும் மொழியைத்தானே முதலில் கைவிடுவோம்? தமிழ் மன்றம் வைக்கும் போட்டி தமிழ் நூலையே பின்னுக்குத் தள்ளுமானால் அது வேடிக்கை அல்லவா? தமிழ் நூல்களை மட்டும் கணக்கில் கொள்வோம் என்று செயற்குழு விதி செய்யலாம். செய்தால், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து வந்தவர்களே ஆண்டுதோறும் கோப்பையைக் கொண்டுபோவார்கள். எங்களைப் போன்றவர்கள் போட்டியின் பக்கமே வரமாட்டோம்.

எங்கள் ஊர் கோலார் தங்கவயல். வடஆர்க்காட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டது; நான் அடுத்த ஆண்டு பிறந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சயனைடு மண்மேடுகளும், லைன் வீடுகளும், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி இருட்டியபின் திரும்பும் அப்பாவும்தான். அந்த ரயிலிலேதான் என் 52-இல் பெரும்பகுதியைப் படித்தேன். பங்காருப்பேட்டை தாண்டினால் உட்கார இடம் கிடைக்காது. நின்றுகொண்டே படிக்க மெல்லிய நூல்தான் வாகு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

ஆண்டு இறுதியில் பட்டியலைத் தாத்தாவிடம் காட்டினேன். அவருக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது, கண் மங்கிவிட்டது. படித்துக் காட்டச் சொன்னார். தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' வந்ததும் கையை உயர்த்தினார்.

"அது இன்னா கதை?"

"தூத்துக்குடி உப்பளத்துல வேலை செய்றவங்க கதை, தாத்தா."

"அங்க கூலி எப்படி? நாள் கணக்கா, அளந்து போடறதா?"

எனக்குத் தெரியவில்லை. ஒன்றரை நாளில் முடித்த நூல் அது. பக்கத்தில் 'அருமை' என்று எழுதியிருக்கிறேன்!

"சரி, கண்ணுக்கு இன்னா பண்ணிக்குவாங்க? உப்பு மேல வெயில் பட்டா கூசுமே?"

அதற்கும் விடை இல்லை. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "போவட்டும், எனக்குப் படிச்சிக் காட்டு. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிடும்" என்றார்.

அப்படித்தான் தோழர்களே, 2024-ஆம் ஆண்டின் முதல் நூல் தொடங்கியது. சனிக்கிழமை இரவும் ஞாயிற்றுக்கிழமை காலையும் உரக்கப் படிப்பேன். தாத்தா நிறுத்துவார். பொன்னாச்சி என்னும் பெண் உப்பளத்துக்குப் போகும் பகுதி வந்தபோது, அதே பக்கத்தை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு தாமே பேசத் தொடங்கினார். முதல் நாள் தாம் கூண்டில் இறங்கியதை, காதடைத்ததை, கீழே இருந்த வெப்பத்தைச் சொன்னார். "எங்களுக்கு இருட்டு, அவங்களுக்கு வெளிச்சம். ரெண்டும் கண்ணைத் தின்னுடும்" என்றார். இருபத்திரண்டு ஆண்டு அவரோடு ஒரே வீட்டில் இருந்த நான், அவர் வாயிலிருந்து இதையெல்லாம் கேட்டது அன்றுதான். அந்த நூலை முடிக்க ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஆண்டு முழுதும் நான் படித்தவை 11 நூல்கள். நம் போட்டியில் கலந்துகொண்டிருந்தால் கடைசி இடம் எனக்கே கிடைத்திருக்கும்.

தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய நூல் ஒன்று இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் எழுதியது. சாம்பியன் ரீப்சில் அச்சானது. ஆம், எங்கள் ஊரில் நூல்கள் அச்சாயின! பண்டிதர் 1907-இல் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார ஏட்டைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. வாசகர்கள் ஐயங்களை எழுதிக் கேட்பதும், பண்டிதர் விடை எழுதுவதும் அவ்வேட்டின் வழக்கம். தங்கவயல் தொழிலாளர்களிடையே அதற்குப் பற்றுள்ள வாசகர்கள் இருந்தார்கள். 1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1920-களில் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அதே 'தமிழன்' தங்கவயலிலிருந்து மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்த புத்தகசாலை என்னும் பெயரில் பண்டிதரின் நூல்களும் அங்கே அச்சேறின. வெளியுலகம் எங்கள் ஊரைப் பொன்னுக்காக நினைக்கிறது, படத்துக்காகவும் நினைக்கிறது. பகலெல்லாம் பாறை உடைத்தவர்கள் மாலையிலே ஏடு வாங்கிப் படித்த ஊர் என்று நினைப்பவர் சிலரே. அந்த எழுத்துகள் 1999-இல் ஞான. அலாய்சியஸ் தொகுப்பில் பாளையங்கோட்டையிலிருந்து மறுபடி வெளிவந்த பிறகே, படித்த உலகம் அவற்றைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் வீட்டுத் தகரப் பெட்டி அதற்கு முன்பே பார்த்துவிட்டது என்று நான் கொஞ்சம் தற்பெருமை கொள்வதுண்டு.

அந்தப் பழைய நூலின் கடைசி வெற்றுப் பக்கத்தைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன். மூன்று கையெழுத்துகள் அதிலே இருக்கின்றன. கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து பென்சிலில், பாதி அழிந்து: 'இரண்டாந் தடவை. 14-ஆம் பக்கம் விளங்கவில்லை. கேட்க வேண்டும்.' அதன் கீழே வேறு யாரோ: 'இரவல் வாங்கியது. மூன்று பேர் கேட்க வாசித்தேன். ஒருவர் ஒப்பவில்லை.' கடைசியில் தாத்தா: 'அப்பாவுக்கு விளங்காதது எனக்கும் விளங்கவில்லை.' என் 52 மதிப்புரைகளையும் இந்த மூன்று வரிகளுக்கு எதிரே வைத்துப் பார்க்கிறேன். எத்தனை நூல் படித்தோம் என்று இவர்கள் எழுதவில்லை. படித்தபோது என்ன நடந்தது என்று எழுதினார்கள். விளங்கவில்லை என்று எழுதுவதற்குக்கூட நூலைப் படித்திருக்க வேண்டும். 'அருமை' என்று எழுத அட்டையைப் பார்த்தாலே போதும்.

நான் இயற்பியல் மாணவன். ஆகவே எண்ணிக்கையைப் பழிக்கும் உரிமை எனக்கில்லை. ஆனால் எங்கள் ஊர்ச் சுரங்கமே எண்ணிக்கையைப் பற்றி ஒரு பாடம் வைத்திருக்கிறது. மண்ணின் மேல் உள்ளங்கையளவு இடத்திலே நொடிக்கு ஒன்றேனும் மியூவான் என்னும் துகள் வந்து விழுகிறது. அந்த இரைச்சலுக்கிடையே நியூட்ரினோவைக் காண்பது அரிது. அதனால் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார், ஒசாகா, டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறக்குறைய 2300 மீட்டர் ஆழத்திலே கருவிகளை வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் அடையாளத்தை 1965-இல் கண்டார்கள். உலகிலே முதன்முதல் கண்டவர்களுள் அவர்களும் அடங்குவர். கிடைத்த நிகழ்ச்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற அந்தச் சிலவற்றை உலகம் மதித்தது. மேலே இருந்தபடி கோடிக்கணக்கில் எண்ணியிருக்கலாம், யார் பொருட்படுத்தியிருப்பார்?

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "அப்படியானால் ஆண்டுக்கு ஒரே நூல் போதுமோ?" என்று கேலி செய்தார். ஒரே நூலில் மூழ்கிய நம்மவர் ஒருவர் உண்டே! 1903-இல் கும்பகோணத்தில் இராமானுஜன் கையில் கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு கிடைத்தது. தேர்வுக்கு மாணவரைப் பயிற்றும் ஆசிரியர் ஒருவர், ஏறக்குறைய ஐயாயிரம் முடிவுகளை நிரல்படுத்தி எழுதிய நூல் அது. பெரும்பாலும் நிறுவல் இல்லை. நிறுவல் இல்லாததால் இளைஞர் தாமே நிறுவிப் பார்த்தார். அந்நூலின் பயன் உலகறிந்தது. கல்லூரியில் மற்றப் பாடங்களில் அவர் தோற்றுப்போனதும் உலகறிந்ததே. ஆகையால் தேர்வுக் காலத்தில் இந்த வழியை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

டார்வின் இன்னொரு வகை. 1838 முதல் 1860 வரை குறிப்பேடு வைத்துக்கொண்டு, படிக்க வேண்டியவை ஒருபுறம், படித்தவை ஒருபுறம் என்று எழுதிவந்தார். பட்டியல் நீளமானதுதான். ஆனால் ஒரு நூலைப் படிக்கும்போது கோடிடுவார். கோடிட்ட பக்கங்களின் எண்களை அதன் இறுதியிலே குறித்துக்கொள்வார். கனத்த நூலைக் கையில் பிடிக்க எளிதாக இருக்கட்டும் என்று இரண்டாக அறுத்துவிடுவாராம்! 'புயலிலே ஒரு தோணி'யை அடுக்கில் திரும்ப வைத்த எனக்கு இந்த வழி அன்று தெரியாமற் போயிற்று. (நூலகர் அமைதி கொள்க.)

எண் இட்டுக் குறி வைப்பதால் பயனே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. 2022-இல் நான் பாடநூல் தவிர எதையும் படிக்கவில்லை. கைப்பேசியே கதி என்று கிடந்தேன். 52 என்னும் எண்தான் என்னை நூலகத்துக்கு இழுத்துச் சென்றது. சைக்கிள் பழகும்போது பின்னால் பிடித்துக்கொள்ளும் கையைப் போன்றது அது. நன்றி மறக்கலாகாது. ஆனால் ஓட்டப் பழகியவன் பின்னால் பிடித்த கைக்கா கோப்பை கேட்பான்?

ஆகவே செயற்குழுவுக்கு என் விண்ணப்பம் இது. கோப்பை இருக்கட்டும், விதியை மாற்றுங்கள். நூல்களின் எண்ணிக்கையைக் கேட்க வேண்டா. ஒவ்வொருவரும் தாம் படித்த ஏதேனும் ஒரு தமிழ் நூலைப் பற்றி அரைப் பக்கம் எழுதட்டும். எங்கே மகிழ்ந்தோம், எங்கே சலித்தோம், எந்தப் பக்கத்தில் மூடி வைத்துவிட்டோம் என்று எழுதட்டும். க.நா. சுப்ரமண்யம் 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு நூல் நூலாக எடுத்துச் சொன்னாரே, அதுபோல ஒருவர் மற்றொருவரிடம் பேசும் பேச்சாக அது இருந்தால் போதும். இலக்கணப் பிழை இருந்தால் இதழாசிரியர் திருத்துவார். என்னுடையதையும் அவர்தாம் திருத்துகிறார். மெதுவாகப் படிப்பவனும், எழுத்துக்கூட்டிப் படிப்பவனும், வீட்டிலே மட்டும் தமிழ் கற்றவனும் இந்தப் போட்டிக்கு வரலாம். திங்களுக்கு ஒருமுறை மன்ற அறையில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கவும் ஏற்பாடு செய்யுங்கள். தேநீர்ச் செலவு தவிர வேறு செலவில்லை. முதற்கூட்டத்தில் படிப்பதற்கு நான் முன்வருகிறேன்.

இப்போது தாத்தாவுக்குக் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' படித்துக் காட்டுகிறேன். வடக்கேயிருந்து தெலுங்கு பேசிய குடும்பங்கள் தமிழ் மண்ணுக்கு ஓடிவந்து, காடு திருத்தி ஊர் கட்டிய கதை. பாதி நூலில் தாத்தா சிரித்துவிட்டார். "இது நம்ம கதைதான்டா, திருப்பிப் போட்டு எழுதியிருக்கான்" என்றார். சென்ற ஞாயிறு நான்கு பக்கம்தான் நடந்தது. வரும் ஞாயிறு எந்தப் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது எனக்கு மறந்தாலும் அவருக்கு மறக்காது.