துண்டு வெட்டிய பிறகு



மாரி வந்துவிட்டது. குளங்கள் நிரம்பும் இந்த நாட்களில் எங்கள் ஆஸ்பத்திரி விடுதிகளும் நிரம்பிவிடும். டெங்கு, எலிக்காய்ச்சல், முட்டு என்று வருபவர்களில் சிலருக்குக் கட்டில் கிடைக்கும். மற்றவர்களுக்கு இரண்டு கட்டில்களுக்கு நடுவே பாய்தான்.

போன மாரியில் எங்கள் சின்னம்மா காய்ச்சலோடு விடுதியில் இருந்தார். முதல் இரண்டு இரவும் பாயில், பிறகு கட்டிலில். நான்காம் நாள் காலை டொக்டர் பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார். ரிக்கற் எழுதி, மருந்து எடுத்து, துண்டு வெட்டிக் கைக்கு வரும்போது பின்னேரமாகிவிட்டது. ஊருக்கான கடைசி பஸ் போய்விட்டது. ஓட்டோவுக்குக் கொடுக்கக் கையில் காசில்லை. தாதியிடம் கேட்டு அன்றிரவும் அதே கட்டிலில் படுத்தார். வாசலோரப் பாயில் சேலைன் ஏறியபடி ஒரு பிள்ளை கிடந்தாளாம். "அவளுக்குரிய கட்டிலிலதான் நான் படுத்திருந்தனான்" என்று சின்னம்மா இன்றைக்கும் சொல்லி வருந்துவார்.

அந்த ஓர் இரவுதான் என்னை இதை எழுத வைத்தது. கட்டில் போதவில்லை என்றதும் இன்னும் ஐம்பது கட்டில் வேண்டும் என்று கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் 30 கட்டில் உள்ள ஒரு விடுதியை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் 3 நாள் தங்கினால் நாளொன்றுக்கு 10 பேரை ஏற்கலாம். பஸ்ஸுக்காகவோ, பரிசோதனை முடிவுக்காகவோ ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் 7 பேர், மிஞ்சினால் 8 பேர். ஒரு கட்டிலும் குறையவில்லை, ஆனாலும் இரண்டு மூன்று பேருக்கு இடமில்லாமல் போய்விட்டது.

எல்லாக் கட்டிலும் எந்நாளும் நிறைந்திருப்பதும் நல்ல நிர்வாகம் அல்ல. 1999 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, கட்டில்களில் சராசரியாக 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் ஆபத்து தலைகாட்டத் தொடங்கும், 90 சதவீதத்தைத் தாண்டினால் நெருக்கடி அடிக்கடி வரும் என்று கணித்துக் காட்டியது. கணினியில் செய்து பார்த்த கணக்கு அது. வன்னியில் குளத்துக் கட்டோரம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெருமழைக்கு முன்பே குளத்தை வான்மட்டத்துக்கு நிரப்பி வைத்திருப்பவர் உண்டா?

நெரிசலில் முதலில் அடிபடுவது கவனிப்பு. டெங்குக் காய்ச்சல் விடும் வேளையில், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த 24 முதல் 48 மணி நேரம், நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் போகும் சிறுநீரையும் அடிக்கடி அளக்க வேண்டும். ஏறும் சேலைன் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. ஒரு தாதி பாய்க்குப் பாய் குனிந்து குந்தி எத்தனை பேரை அப்படிப் பார்ப்பார்? தாதியரில் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் மண் இதைவிடக் கொடிய நெரிசலையும் கண்டது. 2009 ஏப்ரல் 20 க்குப் பிறகு சில நாட்களுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் போர் வளையத்திலிருந்து வெளியே வந்தது. சில நூறு கட்டில்களே இருந்த வவுனியா வைத்தியசாலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காயக்காரர். கட்டிலுக்கு இருவர், கட்டிலுக்குக் கீழே ஒருவர், நடைபாதையெங்கும் மனிதர். சத்திரசிகிச்சை முடிந்தவரை எங்கே படுக்க வைப்பது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பம்பைமடு ஆயுர்வேத வைத்தியசாலையில் அவர்களைப் பராமரிக்க ஓர் இடம் ஏற்படுத்தியது. காயம் ஆறும் வரை அவர்கள் அங்கே இருக்க, வவுனியாவின் கட்டில்கள் அடுத்த காயக்காரருக்குக் கிடைத்தன. முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களும் பின்னர் அங்கே பராமரிக்கப்பட்டார்கள். அவர்களை இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டு கிடக்கும் விடுதியில் அது நடக்கிற காரியமா?

அந்த நாட்களை நினைக்க இப்போதும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் அன்றைக்குச் செய்ததில் ஒரு வழி இருக்கிறது. நோயாளிக்கு அடுத்த இடம் ஒன்று இருந்தால்தான் கட்டில் விடுபடும். கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே, முல்லைத்தீவு வீதி பிரியும் மாங்குளத்தில், நெதர்லாந்து உதவியுடன் புனர்வாழ்வுப் பிரிவு ஒன்று அமைந்திருக்கிறது. ஆறுதலாகத் தேற வேண்டியவர்களுக்கு ஏற்ற இடம் அது. ஊர்களில் உள்ள பிரதேச வைத்தியசாலைகளும் இருக்கின்றன. நாடு முழுவதுமே பெரிய ஆஸ்பத்திரிகளில் பாய் விரித்திருக்க, சிறிய ஆஸ்பத்திரிகளில் கட்டில்கள் வெறுமையாகக் கிடப்பது பழைய கதை. அங்கே நிரந்தர டொக்டரும் சாதாரண இரத்தப் பரிசோதனை வசதியும் இருந்தால், மாவட்ட ஆஸ்பத்திரியில் தேறியவரைக் கடைசி இரண்டு நாளுக்கு ஊருக்குக் கிட்டவே அனுப்பலாம். பார்க்க வரும் சொந்தங்களுக்கும் அலைச்சல் குறையும்.

வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். உங்கள் ஊருக்கு மாவட்ட ஆஸ்பத்திரி வாசலிலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது? ஒரு தபாலட்டையில் ஊர்ப் பெயரோடு எழுதி அனுப்புங்கள். வருகிறவற்றை ஒரே அட்டவணையாக்கி, மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தூரத்து ஊர்க்காரருக்கு முதலில் துண்டு வெட்ட அது உதவும். முதல் வரியில் சின்னம்மாவின் ஊரை எழுதி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்