பார்சலாம்மா?

ஓட்டலுக்குள் தனியாக நுழைகிற பெண்ணைப் பார்த்ததும் நம்ம ஊர் சர்வர் வாயில் முதலில் வருவது இந்தக் கேள்விதான். "இல்லப்பா, சாப்பிடத்தான் வந்திருக்கேன்" என்றால் அவர் பார்வை என் தோளைத் தாண்டி வாசலுக்குப் போகும், பின்னாடி யாராவது வருகிறார்களா என்று. வடக்கே இதுவே ரெண்டு கேள்வி. "கித்னே லோக்?" ஏக். "அகேலே?" ஒண்ணுன்னு சொன்ன பிறகு தனியாவான்னு வேற எதுக்குய்யா கேக்கறே?

நான் வங்கியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருக்கிறேன். இருப்பு கொல்கத்தா. ஆனால் மாதத்தில் பாதி நாள் பெட்டியும் கையுமாக அசன்சோல், ராஞ்சி, பாலசோர், ராய்ப்பூர் என்று சுற்றல். ஒரு கிளைக்குப் போனால் பத்து நாளாவது ஆகும். நான் குற்றம் கண்டுபிடிக்கப் போகிறவள் என்பதால் கிளைக்காரர்கள் சாப்பிடக் கூப்பிட்டாலும் போகக் கூடாது. ஆக, வருஷத்துக்கு நூறு வேளைக்கு மேல் தனியாக ஓட்டலில் சாப்பிடுகிறேன். இந்த விஷயத்தில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன் :-)

பெண்கள் பத்திரிகைகளில் இதற்கென்று யோசனைகள் வரும். தன்னம்பிக்கையோடு நிமிர்ந்து உட்காருங்கள், கையில் ஒரு புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் உங்களைப் பார்க்கவில்லை என்று நம்புங்கள். எல்லாம் நல்ல யோசனைதான், ஆனால் சாப்பாட்டு ஓட்டலில் புத்தகத்தையோ செல்போனையோ பார்த்துக்கொண்டிருந்தால் சாம்பார் வாளி நம்மைத் தாண்டிப் போய்விடும். அப்புறம் ரசம்தான்.

கூச்சம் நம் மனசில் இருப்பதாகவும் அதை நாம்தான் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றும் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதே நான், அதே சேலை, அதே லேப்டாப் பை. ஒரு ஓட்டலில் கூசிப்போய் உட்காருகிறேன், அடுத்த தெருவில் இன்னொன்றில் ராணி மாதிரி உட்காருகிறேன். அப்படியென்றால் கோளாறு என்னிடம் இல்லை, மேஜையில் இருக்கிறது.

பி.காம். புத்தியோடு பாருங்களேன். நாலு பேர் மேஜையில் ஒருத்தி உட்கார்ந்தால் மூணு நாற்காலி வருமானம் இல்லாமல் நிற்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் செயல்படாச் சொத்து. மதியம் ஒரு மணிக்கு வாசலில் கும்பல் நிற்கும்போது முதலாளிக்கு வயிறு எரியத்தான் செய்யும், அதில் தப்பு சொல்ல மாட்டேன். அதனால்தான் நம்மைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், கதவு இடிக்கிற மூலையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். நாமும் ஏதோ கடன் வாங்க வந்த மாதிரி ஒடுங்கி உட்கார்ந்து அவசரமாக விழுங்கிவிட்டு வருகிறோம்.

பழைய ஆட்கள் இதற்கு என்றைக்கோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். தெரியாதவர்களை ஒரே மேஜையில் உட்கார வைப்பது. மும்பையில் போஸ்டிங் இருந்தபோது மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்தில் ராமா நாயக் உடுப்பி போர்டிங்குக்கு அடிக்கடி போவேன். 1942-ல் ஆரம்பித்தது. கூப்பன் வாங்கிக்கொண்டு காலியாக இருக்கிற நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். எதிரே ஒரு குஜராத்தி வியாபாரி, பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன். எத்தனை பேர் என்ற கேள்வியே அங்கே கிடையாது, எல்லோரும் ஒரு இலைக்காரர்கள்தான். பெங்களூரில் 1983-ல் ஜெயநகரில் முதல் தர்ஷினி வந்தபோது நாற்காலியையே எடுத்துவிட்டார்கள். நின்றுகொண்டு இட்லி சாப்பிடுகிறவளைப் பார்த்து யார் "தனியாவா வந்தீங்க" என்று கேட்கப்போகிறார்கள்?

மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் பக்கம் வேலையாகப் போகிற தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தியன் காஃபி ஹவுஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 1950-களில் காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது, வேலை போன ஊழியர்கள் ஏ.கே.கோபாலன் ஊக்கத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, 1957-லிருந்து தாங்களே நடத்த ஆரம்பித்தவை. ராய்ப்பூரில், ஜபல்பூரில் விசிறித் தலைப்பாகைக்காரர் தோசையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விடுவார். ஒரு காபிக்கு ஒரு மணி நேரம் உட்காரலாம். விரட்ட முதலாளி என்று தனியாக ஒருத்தர் இல்லாததுகூட காரணமாக இருக்கலாம். (தோசை பற்றி என் அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள், நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன்.)

ஆனால் தனி ஆளுக்கென்றே பிறந்தது கொல்கத்தாவின் பைஸ் ஹோட்டல்தான். பைசா கணக்கில் சோறு போட்ட காலத்தில் வந்த பெயர். வேலைக்காக ஊரை விட்டு வந்து மெஸ் அறைகளில் தங்கிய குமாஸ்தாக்களும் மாணவர்களும்தான் அதன் வாடிக்கையாளர்கள், அதாவது நம்மை மாதிரிப் புலம்பெயர்ந்தவர்கள். காலேஜ் ஸ்ட்ரீட் பக்கச் சந்தில் ஸ்வாதீன் பாரத் ஹிந்து ஹோட்டல் என்று ஒன்று. முதலில் வெறும் ஹிந்து ஹோட்டலாக இருந்து, சுதந்திரம் வந்ததும் 'ஸ்வாதீன் பாரத்' என்று முன்னால் சேர்த்துக்கொண்டதாம். இந்த மாதிரி இடங்களில் எல்லாவற்றுக்கும் தனித்தனிக் காசு. சோறுக்கு ஒன்று, பருப்புக்கு ஒன்று, ஒரு துண்டு மீனுக்கு ஒன்று, வாழை இலைக்கே ஒன்று. அன்றைக்கு என்ன மீன் என்று சர்வர் ரயில் அறிவிப்பு மாதிரி ஒப்பிப்பார்.

இந்தத் தனித்தனிக் காசில்தான் சூட்சுமம். பெரிய ரெஸ்டாரண்ட் எதிலும் மெனு என்பது கூட்டத்துக்கு எழுதியது. ஒரு கிண்ணம் தால், ஒரு கிண்ணம் பனீர், ரொட்டி என்று நாலு பேர் பகிர்ந்தால் தலைக்குக் கொஞ்சம்தான் ஆகும். தனி ஆளுக்கு அந்தத் தால் கிண்ணமே ரெண்டு வேளைக்கு வரும். மிச்சம் வைத்தால் மனசு கேட்காது, சாப்பிட்டால் வயிறு கேட்காது. பைஸ் ஹோட்டலில் ஒரு கரண்டி சுக்தோ, ஒரு கரண்டி ஆலு போஸ்தோ, ஒரு துண்டு ருயி மீன் என்று ஒருத்திக்கு வேண்டிய அளவில் கிடைக்கும். பைஸ் ஹோட்டல் இல்லாத ஊர்களில் தாலி கேளுங்கள், இல்லையென்றால் கூசாமல் "ஹாஃப் பிளேட்" என்று கேளுங்கள். மெனுவில் இல்லாவிட்டாலும் பல இடங்களில் தருவார்கள்.

இன்னொன்று. நான் தூத்துக்குடிக்காரி. கடல் மீன் தின்று வளர்ந்தவளுக்கு இந்த ஊர் ஆற்று மீனின் முள் பழகவே ஒரு வருஷம் ஆனது. இலிஷ் மீனை யாரோடும் பேசிக்கொண்டு சாப்பிட முடியாது. மயிர் மாதிரி முள். எதிரே உட்கார்ந்திருக்கிற வங்காளியும் தலையைக் குனிந்து மௌனமாக அதே வேலையில்தான் இருப்பார். ஒரே மேஜையில் ஆறு பேர், ஆறு பேரும் தனி. இதைவிட நிம்மதியான சாப்பாட்டுக் கூட்டம் நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த 'ஃபேமிலி ரூம்' சமாச்சாரத்துக்கு வருகிறேன். பெண் தனியாக வந்தால் நேராக அங்கே அனுப்பிவிடுவார்கள். கொல்கத்தாவில் பழைய டீக்கடைகள் பலவற்றுக்கு 'கேபின்' என்றே பெயர் வந்ததற்குக் காரணம், பெண்களும் குடும்பங்களும் மறைவாக உட்காரத் திரை போட்ட தடுப்புகள். பெண்கள் வெளியே சாப்பிடுவதே பெரிய விஷயமாக இருந்த காலத்தில் அந்தத் திரை ஒரு வாசலைத் திறந்துவிட்டது, அதை மறுக்க மாட்டேன். அந்தக் காலம் போய்விட்டது, ஆனால் திரை பல ஊர்களில் இன்னும் இருக்கிறது. ஒருமுறை ஒரு சின்ன ஊரில் (பெயர் வேண்டாம்) என்னைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு மறந்தே போனார்கள். முன்னால் இருந்தவர்களுக்கெல்லாம் சாப்பாடு போய்க்கொண்டிருக்கிறது, நான் உள்ளே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிஷம். இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? தனியாக வரும் பெண் ஒரு முழுக் 'குடும்பம்'. தனியாக வரும் ஆணுக்கு அங்கே அனுமதி இல்லை. என் வீட்டுக்காரர் நான் இல்லாமல் போனால் அவருக்குக் குடும்பமே கிடையாது!

நம் அரசியலமைப்பின் 15-வது பிரிவின் 2-வது உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள் ஆகியவற்றுக்குள் போவதற்கு மதம், சாதி, பால், பிறந்த ஊர் எதுவும் தடையாக இருக்கக் கூடாது என்று இருக்கிறது. இந்த நாட்டில் சாதியைப் பார்த்து ஓட்டலில் இடம் ஒதுக்கிய வரலாறு உண்டு என்பதால்தான் அதை அத்தனை வெளிப்படையாக எழுதினார்கள். பால் என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் இருப்பது பலருக்குத் தெரியாது. திரையை விலக்கிக் கொண்டுவந்து "எனக்கு அந்த ஜன்னலோர மேஜைதான் வேண்டும்" என்று சொல்வது பிடிவாதம் இல்லை. நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கொடுக்கிறார்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கொடுப்பார்கள், அது என் பிரச்னை இல்லை.

அலுவலகத்தில் ஒரு தமிழ் நண்பர் வள்ளுவரைத் துணைக்கு அழைத்தார். தனியாக உண்பதை வள்ளுவரே கண்டித்திருக்கிறாரே மேடம் என்று. கண்டித்திருக்கிறார், உண்மை. ஆனால் அவர் சொன்னது விருந்தினரை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே சாப்பிடுகிறவனை, இல்லாதவனுக்குக் கொடுக்காமல் சேர்த்து வைத்துத் தானே தின்கிறவனை. வேற்றூரில் நான் யாரை வாசலில் நிறுத்தினேன்? பார்க்கப்போனால் அங்கே நான்தான் விருந்து.

சரி, உண்மையான தொல்லை ஒன்று உண்டு. எந்தப் பத்திரிகையும் எழுதாதது. கை கழுவ எழுந்து போனால் பையை யார் பார்த்துக்கொள்வது? என் பையில் கிளையின் கணக்கு விவரம் முழுக்க இருக்கும். திரும்பி வருவதற்குள் பாதி தோசையோடு தட்டை எடுத்துப்போய்விடுகிற ஊர்களும் உண்டு. இங்கேயும் பகிர்ந்த மேஜைதான் நல்லது, எதிரே இருப்பவரிடம் கண்ணைக் காட்டிவிட்டுப் போகலாம். இல்லாத இடத்தில் சாப்பிடுவதற்கு முன்னால் பையோடு போய்க் கழுவிவிட்டு வருவேன், முடித்த பிறகு பையை மாட்டிக்கொண்டே கழுவுவேன். ராத்திரிச் சாப்பாட்டை ஏழரைக்குள் முடித்துவிடுவேன், ஒன்பது மணிக்கு மேல் சின்ன ஊர்களில் பல ரெஸ்டாரண்ட்கள் பாராக மாறிவிடும். அந்த நேரத்தில் தைரியத்தைக் காட்டச் சொல்லி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு இத்தனை நீளமா என்று கேட்கலாம். என்னோடு சேர்ந்த பெண்களில் சிலர் இன்ஸ்பெக்ஷன் வேண்டாம், பிரமோஷனே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகள், மாமியார், எல்லாக் காரணமும் உண்டு. 2014-ல் மத்திய அரசு, பெண் ஊழியர்களை முடிந்தவரை கணவரோ பெற்றோரோ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில் போடும்படி பொதுத்துறை வங்கிகளுக்குச் சொன்னது. அது போஸ்டிங்குக்கு. டூருக்கு எந்தச் சுற்றறிக்கையும் உதவாது. அந்தப் பெண்களிடம் கொஞ்சம் பேசிப் பார்த்தால், "ராத்திரி எங்கே போய்த் தனியா சாப்பிடறது மேடம், ரூம்லயே பிஸ்கட்தான்" என்ற பேச்சு வந்துவிடும். ஹால்டிங் அலவன்ஸ் கையில் இருந்தும் பத்து நாள் பிஸ்கட். ஸ்விக்கி, ஸொமேட்டோ வந்த பிறகு பிஸ்கட் போய் பிளாஸ்டிக் டப்பா வந்திருக்கிறது. அறை அதே அறைதான், கட்டில் மேல் செய்தித்தாளை விரித்துக்கொண்டு. "பார்சலாம்மா?" என்று கேட்கிற சர்வருக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டோம்.

என் பெண்ணுக்கு வேலை கிடைத்து ஜூலையில் புனே போகிறாள். பிஜியில் தங்குகிறாளாம், சாப்பாட்டுக்கு ஆப் இருக்கிறதாம். போன ஞாயிற்றுக்கிழமை அவளை ஒரு பைஸ் ஹோட்டலுக்குக் கூட்டிப்போய், வேறு மேஜையில் உட்காரச் சொன்னேன். "அம்மா, இது டூ மச்" என்று முறைத்துவிட்டுப் போய் ரெண்டு மாமாக்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன், சர்வரை நிறுத்தி வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த வங்காளத்தில் எலுமிச்சைத் துண்டுக்கு ஏன் தனிக் காசு என்று கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கத்து மாமா அவளுக்காக வாதாடுகிறார். என் இலைக்கு இன்னும் மீன் வரவில்லை.