மூத்தவளின் பாடவேளை

எங்கள் தெருவில் பள்ளிப் பேருந்து நிற்காமல் போகும் வீடு ஒன்று இருக்கிறது. தெருவிலேயே அதிகப் பிள்ளைகள் இருக்கும் வீடும் அதுதான். எட்டுப் பேர். மூத்தவளுக்குப் பதினேழு வயது, கடைக்குட்டி இன்னும் தவழ்கிறது. வாசலில் பதினைந்து பேர் உட்காரும் வெள்ளை வேன். டாலஸ் புறநகரில் இந்த வேனைச் சபைகளின் வாசலில் பார்க்கலாம், இல்லாவிட்டால் இப்படி ஒரு வீட்டின் முன்னால். பிள்ளைகள் எல்லோரும் வீட்டிலேயே படிக்கிறார்கள். அம்மாதான் வாத்தியார் என்று தெருவில் சொல்வார்கள். அது பாதி உண்மை.

நல்ல பள்ளி மாவட்டமா என்று விசாரித்து, அதற்காகவே கூடுதல் விலை கொடுத்து இங்கே வீடு வாங்கியவர்கள் எங்கள் தமிழ்க் குடும்பங்கள். பள்ளிக்கென்று வாங்கும் சொத்து வரியை அந்த வீட்டாரும்தான் கட்டுகிறார்கள். பிள்ளைகளை மட்டும் அனுப்புவதில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள் என்பதால் எனக்கு இதில் இன்னொரு வியப்பும் உண்டு. நான் பாளையங்கோட்டைக்காரி. எங்கள் பக்கம் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், என்றாலே கூடவே பள்ளிக்கூடமும் வந்துவிடும். பல ஊர்களில் ஒரே கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நாட்களில் வகுப்பு. பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புங்கள் என்று வீடு வீடாகக் கேட்டுப்போன மரபில் வளர்ந்தவளுக்கு, அதே வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் வேண்டாம் என்பவர்களைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது.

அவர்கள் கதை வேறு. அரசுப் பள்ளிகள் நடத்தும் ஜெபம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1962-லும், பாடத்தின் பகுதியாக பைபிள் வாசிப்பதும் கூடாது என்று 1963-லும் தீர்ப்பளித்தது. பள்ளி இனி நம்முடையதில்லை என்ற எண்ணம் பல கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்போது விழுந்தது. ஆனால் வீட்டுக்கல்விக்காகக் குரல் கொடுத்த முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஹோல்ட் சமயம் சார்ந்தவர் அல்ல. பள்ளிக்கூடம் குழந்தையின் ஆர்வத்தைக் கொல்கிறது என்று வாதாடி, 1977-இல் அதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கியவர். அவர் திறந்த பாதையில் கிறிஸ்தவர்கள் கூட்டமாக நடந்தார்கள். வீட்டுக்கல்விக் குடும்பங்களின் வழக்குகளை நடத்தித் தர 1983-இல் எச்.எஸ்.எல்.டி.ஏ என்ற சட்டப் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. டெக்சஸில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர்மேல் வழக்குப் போட்ட காலமும் இருந்தது. வீட்டுப் பள்ளியும் ஒரு தனியார் பள்ளிதான் என்று 1994-இல் மாநில உச்ச நீதிமன்றம் லீப்பர் வழக்கில் முடித்துவைத்தது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை ஆகிய ஐந்தையும் உண்மையாகச் சொல்லிக்கொடுத்தால் போதும். அரசுத் தேர்வு கிடையாது. ஆய்வாளர் வந்து கதவைத் தட்ட மாட்டார். அம்மாவிடம் ஆசிரியப் பட்டம் இருக்கிறதா என்று கேட்பாரும் இல்லை.

பிள்ளைகள் நிறைய இருப்பதற்கும் ஒரு பின்னணி உண்டு. பிள்ளைகளை வீரன் கையில் உள்ள அம்புகளோடு ஒப்பிட்டு, அம்பறாத்தூணி நிறைந்தவனைப் பாக்கியவான் என்கிறது 127-ஆம் சங்கீதம். கருத்தடையே வேண்டாம், கர்த்தர் தருகிற அத்தனையும் பெற்றுக்கொள்வோம் என்று அதை வாழ்க்கை முறையாகவே எடுத்துக்கொண்டவர்கள் உண்டு. மேரி பிரைடு 1985-இல் எழுதிய ஒரு புத்தகம் அந்த வட்டாரத்தில் பெரிய அலையை எழுப்பியது. அந்த எட்டுப் பிள்ளைகளின் தாயான பக்கத்து வீட்டுக்காரி தன்னை அந்த வட்டாரத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. “எண்ணி நிறுத்த மனசு வரவில்லை” என்பார், அவ்வளவுதான்.

அந்தச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல மாட்டார்கள். காலை உணவோடு வேத வாசிப்பு. தட்டுகளை எடுத்தவுடன் அதே மேசையில் கணக்கு. பெரியவர்களுக்கு சாக்ஸன் கணக்குப் புத்தகம். விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஜான் சாக்ஸன் எழுதியது. ஒரு பாடத்தில் ஒரே ஒரு புதுச் சங்கதிதான் வரும். பயிற்சியில் பழைய பாடக் கணக்குகள் எல்லாம் கலந்து திரும்பத் திரும்ப வரும். யாரும் பக்கத்தில் இல்லாமலேயே பிள்ளை தானாகப் படித்து மேலே போகலாம். புத்தகத்தில் பேனா படக்கூடாது, அடுத்து ஐந்து பேருக்கு அது வேண்டும். ஒருவன் கோழிக்கூட்டைச் சுத்தம் செய்துவிட்டு வந்து லத்தீன் வாய்பாடு ஒப்பிக்கிறான். வெள்ளிக்கிழமை சபை மண்டபத்தில் பல குடும்பங்கள் கூடி, வேதியியல் தெரிந்த தாய் எல்லார் பிள்ளைகளுக்கும் வேதியியலும், வயலின் தெரிந்த தாய் வயலினும் சொல்லித்தருகிறார்கள். பள்ளியில் வரிசையில் நிற்கவும் பேருந்தில் உட்காரவும் போகிற நேரம் மிச்சமாவதால், சின்னவர்களின் படிப்பு மதியத்துக்குள் முடிந்துவிடுகிறது. அதன்பின் வாசிப்புதான். நூலகத்திலிருந்து துணிக்கூடை நிறையப் புத்தகங்கள் வருகின்றன. எதைக் கேட்டாலும் “யெஸ் மேம்” என்று கண்ணைப் பார்த்துப் பதில் சொல்லும் பிள்ளைகள். என் பேத்தியிடம் இந்தப் பழக்கம் இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டுப் பிள்ளைகள், ஒரு தாய். அவர் பதினாலு வயதுக்காரனோடு இயற்கணிதத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆறு வயதுக்காரிக்கு எழுத்துக்கூட்ட உதவுவது யார்? கடைக்குட்டிக்கு டயப்பர் மாற்றுவது? எட்டுப் பேருக்கும் மதியச் சாப்பாடு? மூத்தவள். அவள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தில் எப்போது பார்த்தாலும் ஒரு விரல் அடையாளத்துக்குச் செருகியிருக்கும். எழுந்து போய்விட்டு வந்து விட்ட வரியைத் தேடுவாள். இது இந்த வீட்டின் தனிக்குணம் இல்லை. பிள்ளைகள் நிறைந்த, ஆர்கன்சாஸின் டக்கர் குடும்பம் 2008 முதல் 2015 வரை தொலைக்காட்சித் தொடராக ஓடியபோது, பெரிய பிள்ளைகள் ஒவ்வொருவரின் பொறுப்பிலும் ஒரு சின்னவரை விடும் முறையை அமெரிக்கா முழுக்கப் பார்த்தது. பார்த்தவர்கள் ‘என்ன ஒழுங்கு!’ என்று மெச்சினார்கள்.

எனக்கு என் பெரியம்மாதான் ஞாபகத்துக்கு வந்தார். அம்மாவுடன் பிறந்தவர்கள் ஏழு பேர். பெரியம்மா ஐந்தாம் வகுப்போடு நின்று இடுப்பில் பிள்ளையைத் தூக்கியவர். தெருக்கோடியிலேயே மிஷன் பள்ளிக்கூடம் இருந்தும் அவருக்கு அது எட்டவில்லை. தம்பிகள் இருவர் ஆசிரியர் ஆனார்கள். ‘அக்காதான் எங்களைப் படிக்க வைத்தார்’ என்று மேடையில் பேசிக் கைதட்டு வாங்கினார்கள். அக்காவின் படிப்பை யார் கொடுத்தது, யார் எடுத்துக்கொண்டது என்று அந்த மேடையில் பேச்சு வரவில்லை.

வீட்டுக்கல்வித் தாய்மார் கொண்டாடும் பெயர் ஒன்று உண்டு: சுசன்னா வெஸ்லி. இங்கிலாந்தின் எப்வர்த் சிற்றூரில் ஒரு போதகரின் மனைவி. பெற்றது பத்தொன்பது, பிழைத்து வளர்ந்தது பத்து. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜானும், பாமாலைகள் எழுதிய சார்ல்ஸும் அவர் பிள்ளைகள். ஐந்து வயது முடிந்த மறுநாள் பிள்ளையை உட்காரவைத்து ஒரே நாளில் அகரவரிசையைக் கற்பித்துவிடுவார். தினமும் ஆறு மணி நேரம் பாடம். தாய்மார் அவருடைய கண்டிப்பையும் ஜெபத்தையும் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அவர் 1732-இல் ஜானுக்கு எழுதிய கடிதத்தில் வீட்டு விதிகளைப் பட்டியலிட்டிருக்கிறார். அதில் ஒன்று: பெண்பிள்ளை நன்றாக வாசிக்கத் தேறும்வரை அவளைத் தையல் முதலிய வேலையில் இறக்கக் கூடாது. ஏறத்தாழ முன்னூறு ஆண்டுக்கு முன்பு, கடனில் திணறிய வீட்டின் விதி இது. அப்படியும் கதை முழுதாகத் திரும்பவில்லை. மகன்கள் மூவரும் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார்கள். மகள்கள் ஏழு பேருக்கும் பல்கலைக்கழகம் கிடையாது. மூத்த மகள் எமிலியா தாய் கொடுத்த படிப்பை வைத்து உறைவிடப் பள்ளியில் ஆசிரியையாகப் பிழைத்தார்.

வீட்டுக்கல்வியில் வளர்ந்து பெரியவர்களானவர்கள் சிலர் 2013-இல் ஒரு அமைப்பு தொடங்கினார்கள். வீட்டுக்கல்வியை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளியாள் ஒருவர் பிள்ளையைப் பார்க்கட்டும், படிப்பு நடக்கிறதா என்று கேட்கட்டும் என்கிறார்கள். எச்.எஸ்.எல்.டி.ஏ போன்றவர்கள் அதையும் எதிர்க்கிறார்கள். என் கட்சி முதலாமவர் பக்கம். அப்படி ஒருவர் இந்த வீடுகளுக்கு வந்தால், கேட்க வேண்டிய முதல் கேள்வி சின்னவர்களைப் பற்றியதாக இருக்கக் கூடாது. அவர்கள் எப்படியும் படித்துவிடுவார்கள். அவர்களுக்கு இரண்டு வாத்தியார்கள். ‘மூத்த பெண்ணுக்கு, யாரும் கூப்பிடாத நேரம் ஒரு நாளில் எத்தனை மணி?’ என்று கேட்டால் அந்த வீட்டுப் பள்ளியின் தரம் தெரிந்துவிடும்.

இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடமே சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மாவு பிசைந்த கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “இந்த வருஷம் செவ்வாயும் வியாழனும் அவள் கம்யூனிட்டி காலேஜுக்குப் போகிறாள். வேதியியல். நர்ஸிங் படிக்க வேண்டுமாம். அவள் இல்லாத முதல் வாரம் யாருமே பாடம் முடிக்கவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாளும் எனக்குச் சம்பளமில்லாத உதவி ஆசிரியை ஒருத்தி இருந்திருக்கிறாள்.” கொஞ்சம் நிறுத்தி, “அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள், ஆனால் இல்லை என்று சொல்லவில்லை” என்றார்.

இப்போது அந்த இரண்டு நாட்களும் மதியச் சாப்பாடு பதினாலு வயதுப் பையனின் பொறுப்பு. அவன் சுடுகிற சீஸ் ரொட்டி ஒரு பக்கம் கருகிவிடுகிறது, தம்பி தங்கைகள் முணுமுணுத்துக்கொண்டே தின்கிறார்கள். வீட்டுக்கல்வியில் அவன் இதுவரை படிக்காமல் விட்ட பாடம் அது. டெக்சஸ் சட்டம் கேட்கும் ஐந்தில் அது இல்லை. ஆனால் நற்குடிமை என்பதற்குள் அதையும் சேர்த்துக்கொள்ளத் தடையில்லை.