நாற்காலி போட்டால் பையன் வந்துவிடுவானா?

இந்த வாரமும் ஓர் அழைப்பிதழ் வந்திருக்கிறது. வடசென்னையில் ஒரு பள்ளி. 'மாணவர் ஆளுமை வளர்ச்சி மற்றும் தன்னம்பிக்கை முகாம்'. காலை பத்து மணிக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. பத்தே காலுக்குப் பொன்னாடை. பதினொன்றுக்குச் சிறப்புரை. ஒரு மணிக்கு நாட்டுப்பண். படிப்பில் நாட்டம் குறைந்த ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கான சிறப்பு ஏற்பாடு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கீழே ஒரு குறிப்பு: மாணவர்கள் முறையாக முடி வெட்டிக்கொண்டு வரவேண்டும்.

ஐயா, யாருக்காக இந்த முகாமோ அந்தப் பையன் காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் இருப்பவனாக இருந்தால் முகாமே தேவைப்பட்டிருக்காதே!

அவன் எங்கே இருக்கிறான் என்று காசிமேட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊர் தூங்கும் நேரத்தில் அவன் மீன்பிடி ஹார்பரில் நிற்கிறான். விசைப்படகு கரைக்கு வந்ததும் கூடை தூக்குகிறான், ஐஸ் உடைக்கிறான், ஏலம் முடிந்த சரக்கை மீன்பாடி வண்டியில் ஏற்றுகிறான். விடிவதற்குள் கையில் காசு. நீங்கள் பொன்னாடை போர்த்தும் நேரத்தில் அவன் வீட்டில் அசந்து தூங்குகிறான். நீங்கள் போட்ட நாற்காலியில் வந்து உட்காருவது, ஒழுங்காகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள்தான். அவர்களுக்கு மூன்று மணி நேரப் பாடம் போனதுதான் மிச்சம்.

இதில் முடிவெட்டு வேறு. பல மாதம் கழித்து ஒரு பையன் மனம் மாறிப் பள்ளி வாசலுக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் காதில் விழும் முதல் வார்த்தை என்ன? "போய் முடிய வெட்டிக்கினு வா." போனவன் போனவன்தான். தமிழ்நாட்டில் சில தலைமை ஆசிரியர்கள் முடி திருத்துபவரைப் பள்ளிக்கே வரவழைத்து, வரிசையில் உட்காரவைத்து வெட்டினார்கள். அதைப் பாராட்டிச் செய்தியும் போட்டோம். நம் பத்திரிகை உலகத்துக்கும் இதில் பங்கு உண்டு. பதினைந்து வயதில் ஒருவனுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இருப்பது அந்தத் தலைமுடி ஒன்றுதான். அதை நாலு பேர் முன்னால் வெட்டிவிட்டு, மறுநாள் மேடை போட்டு 'தன்னம்பிக்கை கொள்' என்றால் எப்படிக் கொள்வான்? சொல்லுங்கள் ஆசிரியர் பெருமக்களே, உங்கள் மகனுக்கு இப்படிச் செய்ய விடுவீர்களா?

கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதில் பிள்ளையின் கையைப் பிடிக்கிறது, பதினான்கில் விட்டுவிடுகிறது. ஹார்பர் கூப்பிடத் தொடங்குவதும் அதே வயதில். பள்ளிப் பிள்ளைகளை நல்வழிப்படுத்தும் சென்னைக் காவல் துறையின் 'சிற்பி' திட்டத்தை அன்றைய முதல்வர் 2022 செப்டம்பரில் தொடங்கிவைத்தார். 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர், எல்லோரும் எட்டாம் வகுப்பு. நல்ல திட்டம், வரவேற்கிறோம். ஆனால் பையன் நழுவுவது எட்டாம் வகுப்பு முடிந்த பிறகு. அரசின் 'நான் முதல்வன்' திட்டம் எந்தக் கல்லூரி, எந்த வேலை என்று வழி காட்டுகிறது. வகுப்பில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது வரம். வகுப்புக்கே வராதவனுக்கு?

வாசலைத் திறந்துவிட்டு யாரை வேண்டுமானாலும் பேச அழைப்பதன் விளைவை 2024-இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் பார்த்தோம். முற்பிறவிப் பாவத்தால்தான் ஊனம் வருகிறது என்று பிள்ளைகள் முன்னால் ஒருவர் பேசினார். பார்வையற்ற ஓர் ஆசிரியர் எழுந்து தட்டிக் கேட்டார். அந்த ஆசிரியர் அன்று கேட்ட கேள்விதான் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த உண்மையான ஆளுமைப் பயிற்சி. நாள்தோறும் பள்ளியில் இருக்கும் மனிதர் கொடுத்தது அது. வந்து பேசிவிட்டுப் போனவர் கொடுத்ததல்ல.

எங்கோ தேடவேண்டாம், வடசென்னையைப் பாருங்கள். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றார் காசிமா. ஆட்டோ ஓட்டும் அப்பாதான் பயிற்சியாளர். வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்தில் அந்தப் பகுதி இளைஞர்களே பிள்ளைகளைச் சேர்த்து, மாலையில் பந்தும் படிப்புமாகப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறார்கள். இந்தியாவுக்குக் கால்பந்து ஆடிய நந்தகுமார் சேகர் அந்த வியாசர்பாடிக்காரர்தான். ராயபுரம், காசிமேடு பக்கம் குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதையை ஊரே சினிமாவாகப் பார்த்தது. இங்கெல்லாம் சிறப்புரை கிடையாது. தினமும் அதே நேரத்துக்கு வந்து நிற்கும் ஒரு பெரியவர் உண்டு. பையன் ஒருநாள் வராவிட்டால், "இன்னாடா, நேத்து காணோம்?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே அவன் மறுநாள் வருவான்.

பள்ளிக்கூடத்தில் அப்படிக் கேட்கக்கூடியவர் உடற்கல்வி ஆசிரியர். அவருடைய பீரியடையோ கணக்குக்கும் அறிவியலுக்கும் எடுத்துக்கொள்கிறோம். விளையாட்டு வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று அப்போதைய துணை முதல்வரே மேடையில் வேண்டிக்கொண்டார். இன்னும் எத்தனை பள்ளிகளில் வாங்குகிறார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நாலு மணி அடித்ததும் மைதானத்துக்குப் பூட்டுப் போடுவதையும் இந்தப் பத்தி பலமுறை கண்டித்துவிட்டது. மறுபடியும் கண்டிக்கிறோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை, ஒருபக்கம் ஆலைப்புகை, மறுபக்கம் கடலரிப்புக்குக் கொட்டிய பாறை. இதற்கு நடுவில் ஒரு பையன் ஓடியாடக் கிடைக்கும் வெட்டவெளி பள்ளி மைதானம் ஒன்றுதான். வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்குப் பல்லாயிரம் கோடி ஒதுக்கியவர்கள், மாலை ஆறரை வரை ஒரு கேட்டைத் திறந்துவைக்க ஒரு காவலாளிச் சம்பளம் ஒதுக்கக் கூடாதா?

கேட்டைத் திறந்தால் மட்டும் போதாது, உள்ளே பழக்கிவிடப் பெரியவர்களும் வேண்டும். 1941-இல், போர்க்காலத்தில், இளம் மாலுமிகளுக்காக வேல்ஸ் நாட்டின் அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார் கல்வியாளர் குர்ட் ஹான். கப்பல் மூழ்கினால் வயதானவர்கள் தாக்குப்பிடிக்கிறார்கள், இளைஞர்கள் மனம் தளர்ந்து இறந்துவிடுகிறார்கள் என்று ஒரு கப்பல் முதலாளி கவலைப்பட்டதால் வந்த பள்ளி. ஏறத்தாழ நான்கு வாரப் பயிற்சி. படகு, கடல், மலை, ஒருவரையொருவர் காப்பாற்றுதல். உலகெங்கும் பரவிய இளைஞர் ஆளுமைப் பயிற்சிகளுக்கு அது ஒரு முன்னோடி. கடல் தெரிந்த பெரியவர்களுக்குக் காசிமேட்டில் பஞ்சமா? 2015 வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது படகோடு வந்து நம்மைத் தூக்கியவர்கள் மீனவர்கள். அவர்களில் நாலு பேரைப் பள்ளிக்கு அழைத்து மதிப்பூதியம் கொடுங்கள். பொன்னாடைச் செலவே போதும்.

காலத்தையும் சொல்லிவிடுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னுவார்கள், படகைப் பழுது பார்ப்பார்கள். பையனுக்கு ராத்திரி வேலை இல்லை, அப்பாவும் வீட்டில் இருக்கிறார். பத்தாம் வகுப்பு முடிவும் மே மாதம் வந்துவிடுகிறது. தோற்றவனை உட்காரவைத்துத் துணைத்தேர்வுக்குத் தயார்செய்ய ஆண்டிலேயே நல்ல நேரம் இதுதான். அப்போது பள்ளி கோடை விடுமுறையில் பூட்டிக் கிடக்கிறது. ஜூனில் பள்ளி திறந்து பாடம் சூடுபிடிப்பதற்குள் படகு கடலுக்குப் போய்விடுகிறது, அவனும் ஹார்பருக்குப் போய்விடுகிறான். வருடா வருடம் இதே கதை.

நாங்குநேரியில் ஒரு மாணவனைச் சக மாணவர்களே சாதிவெறியில் வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. பள்ளிக்கல்வித் துறை அமைச்சருக்கு நம் வேண்டுகோள்: அந்த நல அலுவலரை முதலில் காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பள்ளிகளுக்கு அனுப்புங்கள். அவர் வேலையில் சேரும் நாள் ஏப்ரல் 15-ஆக இருக்கட்டும். ஒவ்வொரு பையன் வீட்டுக்கும் அவர் நேரில் போகவேண்டும். முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது.