கடலடியில் ஒரு நாணயஸ்தர்

புதிதாக ஓர் ஊருக்குக் குடிபோன குடும்பம், மாதச் சாமான் வாங்குவதற்கு எந்தக் கடை நல்லது என்று எப்படித் தீர்மானிக்கிறது? கடைக்காரர் தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. வாசலில் சற்று நேரம் நின்று, நமக்கு முன்னால் வந்த கிழவிக்கு அவர் துவரம் பருப்பை எப்படி நிறுக்கிறார் என்று பார்க்கிறோம். தராசின் முள் நேராக நின்றால் உள்ளே போகிறோம். அவருடைய கட்டை விரல் தட்டின்மேல் படுவதைக் கண்டால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுகிறோம். இது கடைக்காரருக்கும் தெரியும். ஆகையால், பார்ப்பதற்கு ஆள் இருக்கும்போது தராசு ஒரு விதமாகவும், இல்லாதபோது வேறு விதமாகவும் நடந்துகொள்வது உலக வழக்கமாக இருந்து வருகிறது.

இந்தச் சாமர்த்தியம் மனித ஜாதிக்கு மட்டுமே உரியது என்று நாம் நினைத்திருந்தோம். சமுத்திரத்தின் அடியில், விரல் நீளமே உள்ள ஒரு சின்னஞ்சிறு மீனும் இப்படித்தான் கடை நடத்துகிறது என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அந்த மீனின் வாழ்வையும், அதன் நாணயத்துக்கு நேர்ந்த சோதனையையும் இந்த வாரம் பார்ப்போம்.

விஞ்ஞான நூல்களில் அதன் பெயர் 'லாப்ராய்டிஸ் டிமிடியேட்டஸ்'. வாயில் நுழையாத அந்தப் பெயரை நூல்களுக்கே விட்டுவிட்டு, நாம் அதைத் துப்புரவு மீன் என்று அழைப்போம். பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். எவ்வளவு வளர்ந்தாலும் 14 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஒல்லியான உடல். முன்பாகம் இலேசான மஞ்சள், பின்பாகம் வெளிர் நீலம். கண்ணுக்குத் தீட்டிய மை வழிந்து வால் வரையில் ஓடியது போல ஒரு கறுப்புப் பட்டை. போகப் போக அது அகன்றுகொண்டே போகும். மேற்கே செங்கடலும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரையும் தொடங்கி, கிழக்கே பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள தீவுகள் வரையில், வடக்கே ஜப்பானின் தென்கோடியிலிருந்து தெற்கே ஆஸ்திரேலியா வரையில் இந்த மீன் பரவியிருக்கிறது. ஆனால் எங்கே இருந்தாலும், அதன் வாசம் பவளப் பாறைகளில்தான்.

பவளப் பாறை என்பது வெறும் கல்லன்று. கோடிக்கணக்கான நுண்ணிய ஜந்துக்கள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பினால் கட்டிய நகரம் அது. அந்த ஜந்துக்களின் உடலுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. சூரிய வெளிச்சத்தைக் கொண்டு அது தயாரிக்கும் ஆகாரத்தில்தான் அவற்றின் ஜீவனம் பெரும்பகுதி நடக்கிறது. ஆகவே ஆழம் குறைந்த, தெளிந்த, வெதுவெதுப்பான ஜலத்தில்தான் இத்தகைய நகரங்கள் எழும்புகின்றன. வெப்பம் அளவு மீறினால், பவள ஜந்து தன் பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகிறது. வெப்பம் நீடித்தால் செத்தும் போகிறது. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த நகரத்தில் ஒரு பவளத் திட்டின் ஓரத்தைத் தன் கடையாக வைத்துக்கொண்டு, துப்புரவு மீன் நாள்தோறும் அங்கேயே காத்திருக்கிறது. தொழில், மற்ற மீன்களின் மேலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்பது. நாய்க்கு உண்ணி இருப்பது போல, இரத்தம் குடிக்கும் சிறு பூச்சிகள் கடல் மீன்களையும் பிடுங்குகின்றன. சொறிந்துகொள்ளக் கையில்லாத பிராணி என்ன செய்யும்? துப்புரவு மீனின் கடைக்கு வந்து, தலைகீழாகவோ செங்குத்தாகவோ ஆடாமல் அசையாமல் நிற்கிறது. வாயைத் திறந்து, செவுள் மூடிகளையும் விரித்துக் காட்டுகிறது. நம் வைத்தியரும் வாலை ஆட்டி ஒரு நடனம் ஆடிவிட்டு வேலையைத் தொடங்குகிறார். களவாய் மீனும் அஞ்சாளையும் ஒரே வாயில் அவரை விழுங்கிவிடக் கூடியவை. ஆயினும் அவற்றின் பற்களுக்கு இடையே புகுந்து, செவுள் வழியாக வெளியே வருவது அவருக்கு அன்றாட வேலை.

ஆஸ்திரேலியாவின் பெரிய பவளத் தடுப்புத் திட்டிலே லிஸார்டு தீவு என்று ஒன்று இருக்கிறது. 1770-ல் காப்டன் குக் அங்கே இறங்கியபோது பல்லியினத்தைத் தவிர வேறு மிருகம் அதிகம் தென்படாததால் இந்தப் பெயரை வைத்தார். அங்கே அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் என்னும் அம்மையார் பல்லாண்டுகளாக இந்த மீனை ஆராய்ந்து வந்திருக்கிறார். ஒரு துப்புரவு மீன் ஒரு நாளில் சுமார் 2,300 முறை வாடிக்கைக்காரர்களைப் பரிசோதிக்கிறது, சுமார் 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்கிறது என்று 1996-ல் அவர் கணக்குக் காட்டினார். நம் ஊரில் எந்த வைத்தியசாலையிலும் இப்படிக் கூட்டம் இராது!

இதனால் நகரத்துக்கு என்ன நன்மை என்பதையும் சோதித்தார்கள். சில சிறிய திட்டுகளிலிருந்து துப்புரவு மீன்களை அப்புறப்படுத்தி, எட்டரை ஆண்டு காலம் அவை திரும்ப வராமல் பார்த்துக்கொண்டார்கள். 2011-ல் வெளியான முடிவின்படி, அத்திட்டுகளில் குடியிருந்த மீன்களின் தொகை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. மீன் வகைகளும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்துவிட்டன. விரல் நீள மீன் ஒன்று போனதும் ஊரே மெலிந்துவிட்டது.

இதுவரை கேட்டவர்கள் துப்புரவு மீனைப் பரோபகாரி என்று எண்ணியிருப்பார்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது. மீனின் உடலை வழுவழுப்பான ஒரு கோழை போர்த்தியிருக்கிறது. அதுதான் மேலுக்குக் கவசம். நம் வைத்தியருக்கு ஒட்டுண்ணியைவிட இந்தக் கோழையின் மேல்தான் நாக்கு. ஒட்டுண்ணியைத் தின்றால் வாடிக்கைக்காரருக்கு லாபம். கோழையைக் கடித்தால் நஷ்டம். ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான தடவை இந்த ஆசை அதன் வாய்க்கு எதிரே வந்து நிற்கிறது. சில சமயம் அது சபலத்துக்கு இடம் கொடுத்துக் கடித்துவிடுவதும் உண்டு. கடிபட்ட மீன் வெடுக்கென்று துள்ளும்.

அப்படியானால் யோக்கியமாக நடக்கச் செய்வது எது? ரெடுவான் ப்ஷாரி என்னும் ஆராய்ச்சியாளரும் கிரட்டர் அம்மையாரும் இதற்கு விடை கண்டார்கள். வாடிக்கைக்காரர் இரண்டு வகை. ஒரே இடத்தில் குடியிருக்கும் மீனுக்கு வேறு கடைக்குப் போக வழியில்லை. அது கடித்தவனைத் துரத்தித் துரத்தி விரட்டுகிறது. ஊர் சுற்றும் மீனோ சண்டை போடுவதில்லை. பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுகிறது. களவாய் போன்ற வேட்டை மீன்களிடம் பெரும்பாலும் குறும்பு செய்வதில்லை. மாறாக, தன் துடுப்புகளால் அவற்றின் முதுகை வருடிக் கொடுத்துச் சாந்தப்படுத்துகிறது. எல்லாவற்றிலும் ஆச்சரியம், 2006-ல் வெளியான முடிவு: அடுத்த வாடிக்கைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது, துப்புரவு மீன் கோழை ஆசையை அடக்கிக்கொண்டு நேர்மையாகத் தொழில் செய்கிறது. பார்த்தவரும் நேர்மையானவனிடமே விரும்பிப் போகிறார். பருப்புக் கடை வாசலில் நாம் நின்ற கதைதான்!

அதன் குடும்பமும் கண்டிப்பான குடும்பமே. ஓர் ஆணும் சில பெண்களும் ஒரு எல்லைக்குள் வாழ்கின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு வாடிக்கைக்காரருக்கு வேலை செய்யும்போது பெண் கடித்துவிட்டால், வாடிக்கையைப் பறிகொடுத்த ஆண் அவளைத் துரத்தித் தண்டிக்கிறது. அதன் பிறகு அவள் ஒழுங்காக இருக்கிறாள். புருஷனுடைய அதிகாரத்தைக் கேட்டு நம் வீட்டு ஆண்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த ஆண் இறந்தால் பெண்களில் பெரியவள் சில மணி நேரத்திலேயே ஆணைப் போல நடக்கத் தொடங்கி, இரண்டு மூன்று வாரங்களுக்குள் உண்மையிலேயே ஆணாகிவிடுகிறாள். ராபர்ட்ஸன் என்பவர் இதை 1972-ல் எழுதினார். ஆகவே அங்கே இன்றைய எஜமானர் ஒவ்வொருவரும் முன்னாளில் பெண்ணாக இருந்தவரே.

இந்த மீனின் மூளை கடுகளவுதான். ஆனால் அதன் வியாபார புத்தியைச் சோதிக்க ஒரு பரீட்சை வைத்தார்கள். தொட்டிக்குள் இரண்டு தட்டுகளில் ஆகாரம் வைக்கப்பட்டது. ஒரு தட்டு காத்திருக்கும். மற்றொன்றை முதலில் கவனிக்காவிட்டால் எடுத்துவிடுவார்கள். அதாவது, ஒன்று குடியிருக்கும் வாடிக்கை. மற்றொன்று ஊர் சுற்றும் வாடிக்கை. போகக்கூடிய தட்டை முதலில் தின்றால் இரண்டும் கிடைக்கும். வளர்ந்த துப்புரவு மீன்கள் இதை விரைவில் கற்றுக்கொண்டன. 2012-ல் வெளியான அந்த ஆராய்ச்சியில், இதே மாதிரியான பரீட்சையில் கப்பூச்சின் குரங்குகளும் ஒராங்-உட்டான்களும் தேறவில்லை. சிம்பன்சிகளிலும் சிலவே தேறின.

பரீட்சையில் குரங்குகளை மிஞ்சிய அந்த மீனுக்குப் பிறகு நேர்ந்தது என்ன?

2014-லும் 2015-லும் இரண்டு பெரும் புயல்கள் லிஸார்டு தீவுப் பக்கமாக வீசின. 2016-ல் கடல் நீர் அளவு மீறிச் சூடேறி, பவளங்கள் வெளுத்து மடிந்தன. அங்கிருந்த துப்புரவு மீன்களில் ஏறத்தாழ 80 சதவீதம் மறைந்தன. மற்ற மீன்களும் குறைந்தன. ஆனால் அந்த அளவுக்கு இல்லை. கடைகள் அருகி, வாடிக்கைக்காரர் மிஞ்சினார்கள். ஸெக்னி திரிகி என்பவரும் அவருடைய தோழர்களும், எஞ்சியிருந்த துப்புரவு மீன்களுக்குப் பழைய பரீட்சைகளையே மறுபடியும் வைத்து, 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். மீன்கள் பெரும்பாலும் தோற்றுப்போயின. ஊர் சுற்றும் வாடிக்கையை முதலில் கவனிக்கும் சாமர்த்தியமும் காணோம். பிறர் பார்க்கும்போது ஆசையை அடக்கும் வழக்கமும் காணோம்.

காரணம் கண்டுபிடிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. யுத்த காலத்தில் ஊரில் ஒரே ஒரு கடையில் அரிசி இருந்தால், அந்தக் கடைக்காரர் யாரை மதிப்பார்? கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். முன்பு அந்த மீனை நேர்மையாகவும் கூர்மையாகவும் வைத்திருந்தது அதன் பிறவிக் குணம் மட்டுமன்று. போட்டிக்குப் பல கடைகள், தேர்ந்து எடுக்கப் பல வாடிக்கைக்காரர், பார்த்துக்கொண்டிருக்கப் பல கண்கள், இவ்வளவும் சேர்ந்த ஒரு நகரம் அதற்கு வேண்டியிருந்தது. நகரம் இடிந்தபோது, பிழைத்த மீனிடமும் பழைய நாணயம் பிழைக்கவில்லை.

இந்த மீன் நமக்கு அந்நியமானது அன்று. நம் மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளிலும் அது கடை வைத்திருக்கிறது. இராமேசுவரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரையில் அங்கே 21 தீவுகள். 1986-ல் அந்தப் பிரதேசம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பும் பின்பும் பல காலம், வீடு கட்டவும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வள்ளம் வள்ளமாகப் பவளக் கல்லை வெட்டி எடுத்தார்கள். தீவுகளில் இரண்டு நீருக்குள் அமிழ்ந்தே போயின. கல் எடுப்பது இப்போது சட்ட விரோதம். ஆனால் கடலின் சூட்டுக்குச் சட்டம் தெரியாது. 2010-லும் 2016-லும் அங்கேயும் பவளங்கள் வெளுத்தன.

பட்டணத்துக் கடைகளில் கண்ணாடித் தொட்டி மீன்களோடு இந்த நீல மீனையும் விற்கிறார்கள். குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்பார்கள். வாங்குமுன் ஒன்று நினைத்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 2,300 பரிசோதனை நடத்திய வைத்தியர் அவர். நாலைந்து மீன் உள்ள தொட்டியில் அவருக்குத் தொழிலும் இல்லை, ஆகாரமும் இல்லை. பெரும்பாலும் பட்டினியால் மெலிந்து சீக்கிரமே இறந்துபோகிறார். அவரை நாம் வீட்டுக்கு அழைத்து வரலாம். அவருடைய ஊரை அழைத்து வர முடியாது. அந்த ஊர் கெடாமல் இருந்தால்தான் அவருடைய தராசின் முள்ளும் நேராக நிற்கும்.