பழி சுமக்கும் மண்ணா கிருஷ்ணகிரி?

பொழுது புலருமுன் ஓசூர் பேருந்து நிலையத்தில் போய்ப் பாருங்கள். கையில் சோற்றுத் தூக்கோடு தொழிலாளத் தோழர்கள் நிற்பார்கள். சிலர் சிப்காட்டுக்கு, சிலர் அத்திப்பள்ளி தாண்டிப் பெங்களூருக்கு. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து போகின்றன. எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டு. அவர்கள் வயிற்றுக்கு இல்லை.

இந்த மக்கள் மீதுதான் 2024 மார்ச் 19 அன்று ஒரு பழி வீசப்பட்டது.

மார்ச் 1 அன்று பெங்களூர் ராமேஸ்வரம் கஃபேயில் குண்டு வெடித்தது. உண்ண வந்தவர்கள் காயம்பட்டார்கள். கொடுஞ்செயல்! செய்தவர் எவராயினும் தண்டிக்கப்பட வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் ஒன்றிய இணை அமைச்சர் ஷோபா கரந்தலாஜே என்ன சொன்னார்? தமிழ்நாட்டில் பயிற்சி பெற்று வந்து இங்கே குண்டு வைக்கிறார்கள் என்றார். கண்டனம் எழுந்ததும் வருத்தம் தெரிவித்தார். அதிலும், கிருஷ்ணகிரிக் காட்டில் பயிற்சி பெற்றவர்களையே சொன்னேன் என்று விளக்கம் தந்தார். மாநிலத்தின் தலையிலிருந்து இறக்கிய பழியை ஒரு மாவட்டத்தின் தலையில் ஏற்றினார்!

அன்று தேடப்பட்ட இருவரும் பிடிபடவே இல்லை. ஏப்ரல் 12 அன்றுதான் மேற்கு வங்கத்தில் கைதானார்கள். அவர்கள் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தினர் என்றது தேசியப் புலனாய்வு முகமை. அதற்காகக் கன்னடத் தோழரை நோக்கி விரல் நீட்டுவோமா? ஒருபோதும் மாட்டோம். குற்றத்துக்கு மொழி கிடையாது. செப்டம்பரில் அமைச்சர் சென்னை உயர்நீதிமன்றத்தில் மன்னிப்புக் கோரினார், வழக்கு முடிந்தது.

வழக்கு முடிந்தது; வடு மறைந்ததா? 1991 காவிரிக் கலவரத்தில் பெங்களூர்த் தமிழர் பட்ட பாடு நாடறியும். 2016இல் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்ததையும் பார்த்தோம். அமைச்சர் வாயிலிருந்து விழும் ஒரு சொல், எல்லை தாண்டி வேலைக்குப் போகும் ஏழையின் முதுகில் அடியாக விழும்.

பயங்கரவாதத்தைப் பற்றி ஆட்சியாளர் பேசவேண்டிய இடம் தேர்தல் நேரத்துத் தெருவா, மக்கள் மன்றமா? அமெரிக்காவை எல்லாவற்றிலும் மெச்சுபவர்கள் அல்லர் நாம். ஆயினும் அங்கே 2019 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. உள்நாட்டுப் பயங்கரவாதம் பற்றிப் புலனாய்வுத் துறையும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் மக்கள் பிரதிநிதிகளிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்றது. 2021 மே மாதம் முதல் அறிக்கையும் வந்தது.

இங்கே உறுப்பினர் கேட்டபோது அவையில் கணக்கு வெளிவந்தது. 2021 பிப்ரவரியில் மாநிலங்களவையில் தந்த பதிலின்படி, 2016 முதல் 2019 வரை ஊபா சட்டத்தில் கைதானவர் 5,922 பேர். தண்டனை பெற்றவர் 132 பேர். நூற்றுக்கு இரண்டு பேர்! நிலுவையில் உள்ள வழக்குகளும் உண்டு என்பார்கள். இருக்கட்டும், தீர்ப்பு வரும்வரை சிறையில் கழியும் ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

எனவே நாம் கேட்கிறோம்: எத்தனை வழக்கு, எத்தனை கைது, எத்தனை விடுதலை என்ற கணக்கை ஆண்டுதோறும், கேளாமலே, இரு அவைகளிலும் வையுங்கள். சென்னைக் கோட்டைக்கும் அளவுகோல் இதுவே. ஆதாரம் இருந்தால் அவையில் சொல்லுங்கள். இல்லையேல் ஊர்ப்பெயரை இழுக்காதீர்கள்.

தோழர்களே! இதை ஆலை வாயில்தோறும் எடுத்துரையுங்கள். தமிழில் மட்டுமல்ல, கன்னடத்திலும் எடுத்துரையுங்கள். குண்டு வைப்பவன் நமக்குப் பகைவன். அந்தக் குண்டைக் காட்டி நம்மைப் பிரிப்பவனும் பகைவனே!