விருந்தாளியாக ஒரு விடியல்



பயணம் என்றதும் எங்களில் பலருக்கு நினைவில் வருவது மூட்டை முடிச்சுடன் ஓடிய ஓட்டம்தான். கதிரவெளிப் பக்கத்து அக்கா ஒருவர், பனிச்சங்கேணி வீதியால் தான் போன மூன்று பயணங்களைச் சொன்னார். 2004 டிசெம்பரில் கடல் வந்தபின், உறவினர் வீடு தேடி. 2006இன் இறுதியில் ஷெல்லுக்குப் பயந்து, பிள்ளைகளுடன் வாழைச்சேனைப் பக்கம். போர் முடிந்து சில வருடங்களின் பின், கதிர்காமப் பாதயாத்திரையில்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கும் அந்த யாத்திரை வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி என்று எங்கள் கரையோரமாக வந்து, உகந்தை கடந்து காட்டுவழியே கதிர்காமம் போகிறது. போர்க்காலத்தில் தடைப்பட்டும் சுருங்கியும் இருந்த யாத்திரை 2009க்குப் பின் மீண்டும் பெருகியது. கோயில் மண்டபமும் மரநிழலும்தான் தங்குமிடம். ஊரார் சோறு கொடுப்பார்கள். நடப்பவர் எல்லோரையும் ‘சாமி’ என்றே அழைப்பார்கள்.

பனிச்சங்கேணியில் தங்கிய மறுநாள் விடியற்காலை, அக்கா பழக்கதோஷத்தில் எழுந்து அடுப்பு மூட்டப் போனாராம். ஊர்ப் பெண் ஒருத்தி தடுத்து, “நீங்க இரிங்க சாமி, தேத்தண்ணி நாங்க தாறம்” என்றாளாம்.

“என்ன செய்யிறதெண்டு தெரியாம பாயிலயே இரிந்தன். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல் இரைச்சல். ரெண்டு தரம் இந்த வழியால போயும் இந்த இடத்தை நான் பார்க்கவேயில்ல” என்றார் அக்கா.

யப்பானில் ‘ரியோக்கான்’ என்ற பழைய முறைத் தங்குவிடுதிகள் உண்டு. அவாசு என்ற ஊரில் உள்ள ஒன்று கி.பி. 718இல் தொடங்கியது என்கிறார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோரைப்பாய் விரித்த தரையில் படுக்கை போட்டுத் தூங்குவார்கள். காலையில் சோறும் சுட்ட மீனும் சூப்பும் வரும். பாயும் சோறும் மீனும் எங்களுக்குப் புதிதல்ல. அங்கே விருந்தாளிக்குக் கிடைக்கும் பெரிய செல்வம், அவசரமில்லாத அந்தக் காலைப்பொழுதுதான்.

ஆனால் அந்த அமைதிக்குப் பின்னாலும் பெண்கள் இருக்கிறார்கள். விடுதியை நடத்தும் தலைவியை ‘ஒகாமி’ என்பார்கள். விருந்தாளி எழும்புமுன் அவரும் பணிப்பெண்களும் எழுந்துவிட வேண்டும். ஒருவரின் ஓய்வு இன்னொருவரின் உழைப்பு. அதனால்தான் இதில் முறை வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறேன். எப்போதும் ஒருத்தியே அடுப்படியில் நிற்பது நியாயமில்லை.

கணவனை இழந்து, பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனுமாய் நிற்கும் சகோதரிகள், “சும்மா இருந்தால் குற்றம் செய்த மாதிரி இருக்கு” என்று என்னிடம் சொல்வதுண்டு. அது குற்றமில்லை. பல வருடங்களாக விடியல் என்றால் விறகும் தண்ணீரும் பதற்றமும் என்று பழகிய உடம்பு அது. ஆறுதலாக இருக்க அதற்கும் பழக்கம் வேண்டும்.

யாத்திரை போக முடியாவிட்டால், ஒரு நாள் சகோதரி வீட்டுக்கோ சிநேகிதி வீட்டுக்கோ போய்த் தங்குங்கள். காலையில் அவர் தரும் தேத்தண்ணியை உட்கார்ந்து, ஆறுமுன் குடியுங்கள். அடுத்த முறை அவர் உங்கள் வீட்டுக்கு வரும்போது, “நீங்க இரிங்க” என்று நீங்கள் சொல்லுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.